குத்தகைக்கு விட்ட ஊர்ப்பெயர்

என் கடையில் போட்டோக்கொப்பி எடுத்தால் ஓரத்து எழுத்து வெட்டுப்படாது. புத்தளம் பக்கம் குறிஞ்சிப்பிட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிறப்புச் சான்றிதழோ காணி உறுதியோ, கண்ணாடியில் நேராக வைத்து, மூடியை மெதுவாக இறக்கித்தான் எடுப்பேன். பொலிஸில் என் வாக்குமூலத்தின் கொப்பியைக் கையில் தந்தார்கள். வலது பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு எழுத்தே இல்லை. அதைவிடப் பெரிய எரிச்சல், நான் தமிழில் சொன்னதை அவர்கள் சிங்களத்தில் எழுதியது. நடுவில் மொழிபெயர்த்த கான்ஸ்டபிளுக்கு இணையப் பெயர் என்றால் என்னவென்றே தெரியாது. "பேரை எப்பிடி ஐயா குத்தகைக்குக் குடுக்கிறது? பேர் என்ன சைக்கிளா?" என்று கேட்டுச் சிரித்தான். நீங்கள் என் சட்டத்தரணி, மிஸ். நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். வியாபாரத்திலிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும்.

ஓர் இணையத்தளம் வீடு என்றால், அதன் பெயர் காணி. வீட்டைக் கட்டுகிறவர்கள் பெயரைக் கடைசியில்தான் தேடுவார்கள். அதற்குள் நல்ல பெயரை வேறு யாராவது வாங்கியிருப்பார்கள். நான் அந்த வேறு யாராவது. யுத்தம் முடிந்த கையோடு, கனடாவில் இருக்கும் மைத்துனனின் கார்டில் முப்பது பெயர்கள் வாங்கினேன். கற்பிட்டிக் கடற்கரைகள், டொல்பின் பார்க்கும் படகுகள், தென்னங்காணி, இறால், கருவாடு என்று யோசித்து யோசித்து வாங்கிய பெயர்கள். இணையத்தளம் செய்கிறவர்களுக்கு அவற்றை மாதக் குத்தகைக்கு விடுவதுதான் என் யோசனை. இந்தக் கரை முழுவதும் காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயமும் மிளகாயும் போடுகிற சனம். அவர்களுக்கு இது உடனே பிடிபடும் என்று நம்பினேன்.

ஒருவருக்கும் பிடிபடவில்லை. புத்தளத்தில் இணையத்தளம் செய்கிறவர்கள் அப்போது நாலைந்து பேர். ஒவ்வொருவரிடமும் மூன்று தரம் போனேன். அவர்களில் கெட்டிக்காரன் ஜெமீல். மன்னாரிலிருந்து தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனத்தோடு துரத்தப்பட்ட குடும்பம், நல்ல பிள்ளை. அவனே என் பட்டியலைப் பார்த்துவிட்டு, "சும்மா கிடக்கிற பேருக்கு ஆராச்சும் வாடகை குடுப்பாங்களா அண்ணே? நாங்க புதுசா ஒண்டு வாங்கிட்டுப் போயிருவமே" என்றான். வீட்டில் என் மனைவி சுஜீவா, "கண்டறியாத பேர் வியாபாரம். ஊரில இருக்கிற பேரையெல்லாம் வாங்கி என்ன மாலை கட்டிப் போடப் போறியளோ?" என்பாள். சிலாபத்தில் ஒரு ஹோட்டல்காரர் என் பட்டியலில் இருந்த பெயரையே ஓர் எழுத்து மாற்றி வாங்கிக்கொண்டு, திறப்பு விழாவுக்கு எனக்கு அழைப்பும் அனுப்பினார். எனக்கு வந்த வயிற்றெரிச்சலைச் சொல்லி முடியாது.

முப்பதில் ஒன்றை மட்டும் யோசிக்காமல் வாங்கினேன். அது எங்கள் ஊரின் பெயர், நறுவிலித்துறை. வன்னிக் கரையில் இருந்தது. நான் தொண்ணூறில், இருபது வயதில் இங்கே வந்தவன். ஊர் கடைசியாக இடம்பெயர்ந்தது இரண்டாயிரத்து எட்டில். முகாமிலிருந்து விடப்பட்ட சனத்தில் இருபது குடும்பங்கள் எங்கள் பக்கம் வந்து குடியிருந்தன. மற்றவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் ஜெமீல் என்னிடம் வந்தான்.

அவனைப் பிடித்துக்கொண்டு வந்தது யூஜீனியா அக்கா. கணவன் தொண்ணூற்றாறில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். ஒரே மகன் றொபின்சன், இரண்டாயிரத்து ஒன்பது சித்திரையில் சனநெரிசலில் கை விட்டுப்போனவன், அப்போது பத்தொன்பது வயது. அக்கா ஞாயிறு பூசையில் இரண்டு பேரின் பெயரையும் மன்றாட்டுக்குக் கொடுப்பா. புதனில் கோயிலில் நவநாள் செபம். மற்ற நாட்களில் மகனின் படத்தோடு ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக ஏறி இறங்குவா. ஊர்ச் சனம் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு பக்கம், காணாமற்போனவர்களின் படங்கள் ஒரு பக்கம், இவ்வளவுதான் அவ கேட்ட இணையத்தளம். "பிள்ளைக்கு எல்லாம் மறந்தாலும் ஊர்ப்பேர் மறக்காது தம்பி. அந்தப் பேரிலதான் வேணும்" என்றா.

கொடுத்தேன். சின்னக் குத்தகை, பெயருக்குத்தான். ஜெமீல் வடிவாகச் செய்திருந்தான். பதினேழு படங்கள். கீழே கடிதம் எழுதுவதற்கு ஊர்ப்பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி. அக்கா அந்த முகவரியையும் றொபின்சனின் படத்தையும் செபப்படம் போலச் சின்ன அட்டையில் அடித்து, வெளிநாடு போகிறவர்கள், கப்பலில் வேலை செய்கிறவர்கள் என்று கண்டவர் எல்லோருக்கும் கொடுத்தா. ஒரு வருடத்தில் கனடா, பிரான்ஸ், நோர்வே என்று மாதம் ஆயிரக்கணக்கானோர் வந்து பார்த்தார்கள். என் முப்பது பெயர்களில் உயிர் பிடித்தது அது ஒன்றுதான்.

பிறகு கொழும்பில் ஒரு நிறுவனம் என்னைத் தேடி வந்தது. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இங்கே காணி வாங்கிக் கொடுக்கிறவர்கள். பெயரை மூன்று வருடக் குத்தகைக்கு எடுக்க விருப்பம், ஆனால் வருகிற ஆட்களின் தொகை குறையாமல் இருக்கிறதா என்று சில மாதம் பார்க்கவேண்டும் என்றார்கள். நியாயமான கதை. நான் ஜெமீலிடம் போய்க் குத்தகையைக் கூட்டிக் கேட்டேன். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "காணாமப் போன புள்ளைங்கட பேரில யாவாரமா அண்ணே?" என்று கேட்டான். மறுகிழமையே வேறு பெயர் வாங்கி, தளத்தை அங்கே கொண்டுபோய்விட்டான். போகும்போது ஒன்று மட்டும் கேட்டான். "அக்கா குடுத்த அட்டையெல்லாம் பழைய பேரில ஈக்கிது. கடிதம் ஏதாச்சும் வந்தா எனக்கு அனுப்பிருங்க." ஓம் என்றேன்.

தளத்தின் கொப்பி ஒன்றைப் பழைய பெயரிலேயே நான் போட்டுவைத்தேன். படங்கள் அப்படியே இருந்தன. சனமும் அட்டையைப் பார்த்துப் பழைய இடத்துக்கே வந்தது. பெயர் யாருடையதோ அவனுக்குத்தான் அந்தப் பெயருக்கு எழுதப்படும் கடிதங்களும் வந்து சேரும். இதை வாக்குமூலம் எடுத்த சார்ஜன்டுக்கு விளக்க எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. கடைசியில் தென்னங்காணியை வைத்துச் சொன்னேன். குத்தகை முடிந்த மறுநாள் விழுகிற தேங்காய் காணிக்காரனுக்கு. அது இந்தக் கரையில் எல்லோரும் ஒத்துக்கொண்ட வழக்கம். அவர் தலையாட்டினார், ஆனால் எழுதவில்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு மாசியில் அந்தக் கடிதம் வந்தது. இந்தோனேசியாவில் ஒரு தடுப்பு முகாமிலிருந்து.

"நான் யூஜீனியாவின்ர மகன். ஒரு கப்பல்காரரிட்ட என்ர படம் போட்ட அட்டை இருந்தது. அம்மா இருக்கிறாவா? இருக்கிறா எண்டா ஒரு சொல் எழுதுங்கோ. கிழமைக்கு ஒருக்காத்தான் கொம்பியூட்டர் தருவினம்."

கொப்பி எடுத்து ஃபைலில் வைத்தேன். அன்று புதன்கிழமை. நவநாள் முடிந்து அக்கா வழக்கம்போலக் கடைக்கு வந்தா. ஜெமீல் பழைய முகவரியைப் பற்றிச் சொல்லியிருந்ததால் புதன்தோறும் வந்து ஒரே கேள்வியைக் கேட்பா.

"ஏதும் வந்ததோ தம்பி?"

"இல்லை அக்கா, ஒண்டும் வரேல்லை."

ஏன் அப்படிச் சொன்னாய் என்று சார்ஜன்ட் நாலு தரம் கேட்டார். நானும் நாலு தரம் சொன்னேன். றொபின்சன் கிடைத்துவிட்டான் என்றால் நாளைக்கே அது எல்லா இடமும் பரவும். எல்லோரும் ஒருதரம் வந்து பார்ப்பார்கள், சந்தோஷப்படுவார்கள், பிறகு வரமாட்டார்கள். கொழும்புக்காரர் அந்த மாதம்தான் வருகிறவர்களின் தொகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாத முடிவில் குத்தகைப் பத்திரம் எழுதியதும் சொல்வதாகத்தான் இருந்தேன். மூன்று வருடம் காத்திருந்தவவுக்கு இன்னும் மூன்று கிழமை பெரிய காரியமில்லை.

மாத முடிவில் கொழும்பிலிருந்து, "இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்" என்றார்கள்.

அதற்குள் அவன் இரண்டாம் முறையும் எழுதினான். பதில் இல்லாவிட்டால் வேறு யாருக்காவது எழுதப்போவதாகச் சொன்னான். ஆகவே நான் பதில் எழுதினேன். அம்மா சொல்லச் சொல்ல ஒரு தெரிந்த பிள்ளை தட்டச்சு செய்வதாக எழுதினேன். டெலிபோன் எடுக்காதே, உன்னைக் கேட்டு ஆட்கள் வீட்டுக்கு வந்து போகிறார்கள், கதைப்பதை ஒட்டுக் கேட்பார்கள் என்றேன். வேறு ஒருவருக்கும் எழுதாதே, தளத்தில் உள்ள உன் படத்தையும் நீக்கச் சொல்லாதே, நீக்கினால் சந்தேகப்படுவார்கள் என்றேன். அந்தக் காலத்தில் இதில் ஒன்றும் நம்பமுடியாததில்லை. சொல்லப்போனால் நல்ல புத்திமதி.

பையன் கெட்டிக்காரன். "அம்மாவெண்டா நான் சின்னனில என்னத்தை விழுங்கினனான் எண்டு சொல்லட்டும்" என்று எழுதினான். அடுத்த புதன் அக்காவுக்குக் கதிரை எடுத்துப் போட்டு, பிளேன்ரீ வரவழைத்து, றொபின்சன் சின்ன வயதில் எப்படி என்று மெல்லக் கேட்டேன். அவ முகம் விரிந்தது.

"ஐயோ அதை ஏன் கேக்கிறாய்! அந்தோனியார் பதக்கத்தை விழுங்கிப்போட்டான். மூண்டு நாள் நான் வாழைப்பழமும் கையுமாத் திரிஞ்சனான். வந்த பதக்கத்தைக் கழுவித் திருப்பிக் கழுத்தில போட்டா, என்ர மனுசன் சிரிச்ச சிரிப்பு..." என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தா. பிறகு சொன்னா, "நீ ஒருத்தன்தான் தம்பி அலுக்காமக் கேக்கிறாய். மற்றச் சனம் என்னைக் கண்டா விசரி வாறாள் எண்டு றோட்டு மாறுது."

அந்தப் பதிலை அன்றே அனுப்பினேன். அவன் முழுப் பக்கம் எழுதினான், முழுக்க அம்மா அம்மா என்று. அதற்குப் பிறகு ஒரு ஒழுங்கு வந்தது. புதனில் அக்கா கதைப்பா, வியாழனில் நான் எழுதுவேன். அவ சொல்லாத ஒன்றையும் நான் எழுதியதில்லை. தபாற்காரனும் இதைத்தானே செய்கிறான். செய்தி ஒரு திசையில்தான் போனது என்பது உண்மை. கொழும்புக்காரர் மாதம் தவறாமல் "இன்னும் ஒரு மாதம்" என்றார்கள். அவர்களுடைய இழுத்தடிப்பைப் பற்றி இந்த வழக்கில் ஒருவரும் பேசவில்லை.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் அக்காவுக்குச் சிறுநீரகம் கைவிட்டது. சிலாபம் ஆஸ்பத்திரியில் ஆவணியில் போய்ப் பார்த்தேன். தோடம்பழம் வாங்கிக்கொண்டுதான் போனேன். அதற்கு முதல் நாள்தான் றொபின்சனின் கடிதம் வந்திருந்தது. தன்னை அகதியாக ஏற்றுக்கொண்டு நியூசிலாந்துக்கு அனுப்பப் போகிறார்கள், இனிப் பயமில்லை, அம்மாவைக் கூப்பிடுவேன் என்று எழுதியிருந்தான். அதன் கொப்பி என் சட்டைப்பைக்குள் இருந்தது. அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா. குரல் எழும்பவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

"ஏதும் வந்ததோ தம்பி?"

அந்த நேரம் சொல்லியிருக்கலாமே என்றுதான் நீங்களும் கேட்டீர்கள், மிஸ். சொல்லத்தான் நினைத்தேன். கை சட்டைப்பை வரைக்கும் போனது. ஆனால் கட்டிலின் மற்றப் பக்கத்தில் ஜெமீல் இருந்தான். அவவுடைய கையைப் பிடித்துக்கொண்டு, சொந்த மகன் போல இருந்தான். தாதிமார் கூட அவனை மகன் என்றுதான் நினைத்தார்கள். நான் அப்போது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜெமீல் செய்த இணையத்தளம் பிள்ளையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது என்று ஊர் முழுக்கக் கதைக்கும். பங்குச் சுவாமியார் பூசைப் பிரசங்கத்தில் அவன் பெயரைச் சொல்வார். பெயர் என்னுடையது, அந்தப் பெயர் இல்லாவிட்டால் கடிதமே வந்திராது என்பதை யார் சொல்லியிருப்பார்கள்? நாலு வருடம் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள். என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லை அக்கா" என்றேன். இரண்டு நாளில் அவ இறந்தா. சவப்பெட்டியின் முன்பக்கம் இடது மூலையைத் தூக்கியவன் நான்.

அதற்குப் பிறகும் எழுதினேன். பொலிஸில் இதைத்தான் மிருகத்தனம் என்றார்கள். சரி, நான் என்ன செய்திருக்க வேண்டும்? தூர தேசத்தில் தனியாக இருக்கிற பையனுக்கு, உன் அம்மா போய்விட்டா என்று எழுதுவதா? எல்லாமாக நாற்பத்தொரு கடிதங்கள். அதில் பதினைந்து அக்காவை அடக்கம் செய்த பிறகு எழுதியவை. புதன்கதை நின்றுபோனதால் நானே யோசித்து எழுதவேண்டி வந்தது. அவன் டெலிபோன் இலக்கம் கேட்பான், அம்மாவுக்குக் காது கேட்பதில்லை என்று எழுதுவேன். அவன் குளிருக்குச் சட்டை அனுப்பவா என்று கேட்பான், இங்கே வெயில் என்று எழுதுவேன். பிள்ளை இரண்டு வேளை சாப்பிடுகிறதா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டிருக்கிறேன். சொந்தப் பிள்ளையைக் கூட நான் அப்படிக் கேட்டதில்லை என்று சுஜீவா இப்போது குத்திக் காட்டுகிறாள்.

பிழை வந்தது ஒரே ஓர் இடத்தில். போன வருடம் கார்த்திகையில், இறந்தோர் மாதம் அல்லவா, அம்மா எழுதுவது போல இருக்கட்டும் என்று, "உன் அப்பாவின் ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தேன்" என்று ஒரு வரி சேர்த்தேன். வேறு எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும் வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்திருக்கும். நறுவிலித்துறையில் அப்படி இல்லை. கடலுக்குப் போய் உடல் கிடைக்காதவருக்கு எங்கள் ஊரில் இறந்தோர் பூசை கொடுப்பதில்லை. அவர் பெயரை உயிரோடு இருக்கிறவர்களின் மன்றாட்டில்தான் வாசிப்பார்கள், எத்தனை வருடமானாலும். அக்கா ஞாயிறுதோறும் கணவனுக்கும் மகனுக்கும் பெயர் கொடுத்தது அதற்குத்தான். எனக்கும் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் கடை திறக்கிறவன், இருபத்தைந்து வருடமாக இங்கத்தைய ஆள். கை தன் பாட்டில் எழுதிவிட்டது. தன் தாய் சாகும்வரை அந்தப் பூசையைக் கொடுக்கமாட்டா என்று பையனுக்குத் தெரிந்திருந்தது.

அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தளத்தின் அடியில், செய்தவர் என்று ஜெமீலின் பெயர் அவனுடைய முகவரியோடு இருந்தது. அதை அழிக்காமல் விட்டது என் நேர்மை, அதுவே எனக்கு வினையாக வந்தது. அவன் ஜெமீலுக்கு எழுதினான். அம்மா பதினைந்து மாதத்துக்கு முன்பே இறந்துவிட்ட செய்தியை ஜெமீல் டெலிபோனில் அவனுக்குச் சொன்னானாம். சொல்லிவிட்டு அவனும் அழுதானாம். அடுத்த கிழமை சுவாமியாரையும் கூட்டிக்கொண்டு ஜெமீல் பொலிஸுக்குப் போனான்.

பொலிஸ் நிலையத்தில் ஜெமீல் தன் டெலிபோனை என் முன்னால் மேசையில் வைத்தான். மறுமுனையில் றொபின்சன். ஏசுவான் என்று நினைத்தேன்.  அவன், "அம்மா கடைசியா என்ன கேட்டவ?" என்றான்.

நான் பொய் சொல்கிறவன் இல்லை. "ஏதும் வந்ததோ எண்டு கேட்டவ" என்றேன்.

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"இல்லை எண்டு சொன்னனான்."

சார்ஜன்ட் தமிழ் விளங்காமல் கான்ஸ்டபிளின் முகத்தைப் பார்த்தார். அவன் மொழிபெயர்க்கவில்லை, எழும்பி வெளியே போய்விட்டான். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் இப்படியா வேலை செய்வது?

கொழும்பு நிறுவனம் வழக்குச் செய்தியைக் கேள்விப்பட்டதும், இனி அந்தப் பெயர் வேண்டாம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டது. மூன்று வருடம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு வரி. மற்றப் பெயர்களும் புதுப்பிக்க ஆளில்லாமல் காலாவதியாகிவிடும். நல்ல வியாபாரம், மிஸ், காலத்துக்கு முந்திவிட்டது. அதைத்தான் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லவேண்டும்.

கடைசியாக ஒன்று. எத்தனையோ கேள்வி கேட்டார்கள். எந்தக் கடிதம் எந்தத் திகதி, எந்தக் கொம்பியூட்டர், எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். படங்கள் பதினேழு இருந்தன. றொபின்சன் மட்டும்தான் எழுதினானா என்று சார்ஜன்ட் கேட்கவில்லை. சுவாமியார் கேட்கவில்லை. ஜெமீல் கூடக் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை, மிஸ். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இன்னும் நாலு பேர் எழுதினார்கள். அவர்களுக்கு நான் பதில் போடவில்லை. நாலு பேருக்கும் தாய் தகப்பனாக இருந்து எழுத ஒரு மனிதனுக்கு எங்கே நேரம்? ஆனால் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன, கடை அலுமாரியின் கீழ்த்தட்டில், பச்சை ஃபைலில். எல்லாவற்றையும் நானே கொப்பி எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றிலும் ஓரத்து எழுத்து வெட்டுப்படவில்லை.